“அது ஒன்றும் செய்யாது” என்றால் போதுமா?

பொது இடங்களில் நாய்களும் எமது சின்னஞ்சிறார்களும்

நாய் வளர்ப்பது எமக்குப் புதிய விடயமன்று. வளவுக்குக் காவலாகவும், தனித்திருக்கும் பெண்களுக்குத் துணையாகவும், பிள்ளைகளுக்கு விளையாட்டுத் தோழனாகவும் நாய் எமது வீடுகளில் நெடுங்காலமாக இருந்து வருகின்றது. இரவில் படலைக்கு வெளியே காலடி கேட்டதும் குரைத்து எழுப்பும் அந்தச் சீவனின் பெறுமதியை, கணவன் தூர இடத்தில் தொழில் பார்க்கும் வீட்டுப் பெண்ணிடம் கேட்டால் தெரியும். எனவே நாய் வளர்ப்பவர்களைக் குறை கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. வளர்க்கும் நாயைப் பொது இடத்தில் எப்படி வைத்திருக்க வேண்டும் என்பது பற்றியே இங்கு பேசுகின்றோம்.

மாலை வேளையில் ஒரு தாய் தனது மூன்று வயதுப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒழுங்கை வழியே கடைக்குப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வீட்டின் கேற் திறந்து கிடக்கின்றது. உள்ளிருந்து ஒரு நாய் குரைத்தபடி பாய்ந்து வருகின்றது. பிள்ளை வீரிட்டு அலறுகின்றது. தாய் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு சுவரோடு ஒட்டி நிற்கிறாள். அப்போது வீட்டுக்காரர் திண்ணையில் இருந்தபடியே, “பயப்பிடாதேங்கோ, அது ஒண்டும் செய்யாது” என்கிறார்.

இந்த வாசகத்தைக் கேட்காத தாய் எம்மில் எவரும் இருக்க மாட்டார்கள். காலிமுகத்திடலில் காற்று வாங்கப் போனாலும், ஊர்க் கடற்கரையில் பிள்ளைகளை மணல் விளையாட விட்டாலும், மலையகத்தில் லயத்து வாசலில் நின்றாலும் இதே வாசகம்தான். சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவருடைய நாய் அவரை ஒன்றும் செய்ததில்லை. அவருடைய பிள்ளைகளையும் ஒன்றும் செய்ததில்லை. ஆனால் அந்த நாய்க்கு உங்கள் பிள்ளை யார்?

நாயின் கண்ணில் குழந்தை

சிறு பிள்ளையை உருவத்தில் சிறிய பெரிய மனிதராக நாய் கருதுவதில்லை. பெரியவர்கள் நேராக, ஒரே சீராக நடப்பார்கள். பிள்ளையோ திடீரென ஓடும், திடீரென நிற்கும், விழும், கீச்சிடும், கையை வீசும். ஓடுவதைத் துரத்துவது நாயின் இயல்பு. பந்தின் பின்னாலும் சைக்கிளின் பின்னாலும் ஓடும் நாய், அலறியபடி ஓடும் பிள்ளையின் பின்னாலும் ஓடும். பல வேளைகளில் அதற்குக் கோபமே இருப்பதில்லை. விளையாட்டாகப் பாய்ந்தாலும் விழுவது பிள்ளைதான்.

உயரத்தையும் எண்ணிப் பாருங்கள். மூன்று வயதுப் பிள்ளையின் உயரம் ஏறத்தாழ மூன்று அடி. நிறை 13 அல்லது 14 கிலோகிராம். நன்கு வளர்ந்த அல்சேசன் நாயொன்றின் தோள் உயரமே இரண்டு அடி. நிறை 30 கிலோகிராம் அளவில் இருக்கும். அதாவது நாயின் வாயும் பிள்ளையின் முகமும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கின்றன. பெரியவர் ஒருவரை நாய் கடித்தால் பெரும்பாலும் காலிலோ கையிலோ காயம் ஏற்படும். சிறு பிள்ளையைக் கடித்தால் அது முகத்திலும் தலையிலும் கழுத்திலும் விழுவது இதனாலேயே. முகத்தில் விழும் தழும்பை ஒரு பிள்ளை, அதிலும் பெண் பிள்ளை, வாழ்நாள் முழுவதும் சுமக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று வேகம். நடுத்தர அளவான நாயொன்று மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் இலகுவாக ஓடும். இருபது மீற்றர் தூரத்தைக் கடக்க அதற்கு மூன்று வினாடி போதும். திண்ணையில் இருப்பவர் எழுந்து செருப்பைத் தேடுவதற்குள் நாய் பிள்ளையிடம் போய்விடும்.

கடியில்லாத காயம்

“கடிக்கவில்லைத்தானே, பிறகென்ன?” என்று கேட்பவர்களும் உள்ளனர். நாய் கடிக்காவிட்டாலும் பிள்ளைக்குத் தீங்கு நேரலாம். நாய்க்குப் பயந்து ஒழுங்கையில் இருந்து வீதிக்குப் பாயும் பிள்ளை ஆட்டோவிலோ மோட்டார் சைக்கிளிலோ அடிபடலாம். சைக்கிளின் பின்னால் பிள்ளையை ஏற்றிச் செல்லும் தாய், துரத்தும் நாயால் நிலைதடுமாறிப் பிள்ளையோடு விழலாம்.

பயம் என்பதும் ஒரு காயமே. ஒரு முறை நன்றாகப் பயந்த பிள்ளை அந்த ஒழுங்கையால் போக மாட்டேன் என்று அழுகின்றது. முன்பள்ளிக்குப் போக மறுக்கின்றது. இரவில் திடுக்கிட்டு எழுகின்றது. “ஆம்பிளைப் பிள்ளை, நாய்க்குப் போய்ப் பயப்படுகிறதா?” என்று கேலி செய்வதால் பயம் போவதில்லை, அதைச் சொல்லும் வாய் மட்டும் அடைபடுகின்றது. அத்தகைய பிள்ளையை அணைத்து, பயந்ததில் தவறில்லை என்று சொல்லி, கட்டியிருக்கும் சாதுவான நாயொன்றைத் தூரத்தில் நின்று பார்க்க வைத்து, சிறிது சிறிதாகவே பழக்க வேண்டும்.

விசர் நாய்க்கடி: மறக்கக்கூடாத ஆபத்து

எமது நாட்டில் நாய்க்கடியைப் பற்றிப் பேசும்போது நீர்வெறுப்பு நோய் எனப்படும் விசர் நோயைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 1973ஆம் ஆண்டில் இலங்கையில் 377 பேர் இந்நோயினால் இறந்தனர். நாய்களுக்குத் தடுப்பூசி ஏற்றியதாலும், கடிபட்டவர்களுக்கு அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசமாகத் தடுப்பூசி வழங்கியதாலும் அண்மைக் காலங்களில் இத்தொகை ஆண்டுக்கு 20, 30 என்ற அளவுக்குக் குறைந்துள்ளது. இது பெரும் சாதனையே. ஆயினும் உரிய நேரத்தில் சிகிச்சை பெற்றால் முற்றாகத் தடுக்கக்கூடிய ஒரு நோயினால் இன்னும் உயிர்கள் போகின்றன என்பது வேதனைக்குரியது.

இந்நோய்க் கிருமி விசர் கண்ட விலங்கின் உமிழ்நீரில் இருக்கின்றது. கடித்த காயத்தின் வழியாக உட்புகுந்து, நரம்புகளின் வழியே மூளையைச் சென்றடைகின்றது. நோயின் அறிகுறிகள் தோன்ற வழமையாக இரண்டு மூன்று மாதங்கள் எடுக்கும். சில வேளைகளில் ஒரு வாரத்திலும் தோன்றலாம், ஒரு வருடமும் ஆகலாம். அறிகுறி தோன்றிய பின்னர் உயிர் பிழைப்பது மிக மிக அரிது. காயம் மூளைக்கு எவ்வளவு அருகில் இருக்கின்றதோ அவ்வளவுக்கு ஆபத்தும் அதிகம். பிள்ளைகளுக்குக் கடி முகத்திலும் தலையிலும் விழுகின்றது என்று மேலே கூறியதை இங்கு நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். சந்தேகத்துக்குரிய விலங்குகளால் கடிபடுபவர்களில் நூற்றுக்கு 40 பேர் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது.

பிள்ளைகள் கடிபட்டதை மறைப்பதும் உண்டு. “நாயோடு சேட்டை விட்டாயா?” என்று அடி விழும் என்ற பயத்தில் சிறு கீறலை அவர்கள் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். ஆகவே, “நாய், பூனை கடித்தாலும் பிறாண்டினாலும் உடனே அம்மாவிடம் சொல்ல வேண்டும்; அம்மா ஏசமாட்டேன்” என்று இன்றே உங்கள் பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள். சொன்னபடி ஏசாமலும் இருங்கள்.

கட்டாக்காலியா, சொந்த நாயா?

வீதியில் திரியும் நாய்கள் எல்லாம் கட்டாக்காலி நாய்கள் என்று நாம் எண்ணுகின்றோம். உண்மையில் அவற்றில் கணிசமானவை சொந்தக்காரர் உள்ளவை. காலையில் படலையைத் திறந்து வெளியே விட்டு, இரவில் சோறு வைக்கும்போது மட்டும் கூப்பிடும் வழக்கம் எங்கும் உள்ளது. குட்டிகள் கூடினால், பெண் குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சந்தையடியிலோ பாடசாலை மதிலோரத்திலோ விட்டுவரும் வழக்கமும் உள்ளது. இன்று விடப்படும் குட்டிகள்தான் நாளை அதே பாடசாலை வாசலில் கூட்டமாகத் திரிகின்றன. நாய்கள் கூட்டமாகச் சேரும்போது, தனியே சாதுவாக இருக்கும் நாயும் மூர்க்கம் கொள்கின்றது.

இலங்கையில் தெருநாய்களைக் கொல்லும் முறை 2006ஆம் ஆண்டு அரசாங்கக் கொள்கையின்படி கைவிடப்பட்டது. அதன் பின்னர் நாய்களின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்துவது கருத்தடைச் சத்திர சிகிச்சையிலும் தடுப்பூசியிலுமே தங்கியுள்ளது. இவ்விரண்டும் வெற்றிபெற வேண்டுமாயின் வீட்டுக்காரரின் ஒத்துழைப்பு அவசியம்.

சட்டம் என்ன சொல்கின்றது?

இது வெறும் அயலவர் பிணக்கு என்று எண்ண வேண்டாம். 1893ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க நீர்வெறுப்பு நோய்க் கட்டளைச் சட்டமும், 1901ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டமும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக எமது சட்டப் புத்தகத்தில் உள்ளன. நாய் வளர்ப்பவர் அதனை மாநகர சபை, நகர சபை அல்லது பிரதேச சபையில் ஆண்டுதோறும் பதிவு செய்ய வேண்டும் என்பதே பின்னைய சட்டத்தின் சாரம். எம்மில் எத்தனை பேர் இதனைச் செய்கின்றோம்?

தனது பொறுப்பிலுள்ள விலங்கினால் பிறருக்கு ஆபத்து நேராமல் காக்கத் தவறுவது தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றமாகும். அத்துடன் எமது நாட்டில் வழங்கும் உரோம-டச்சுச் சட்டத்தில், வளர்ப்பு விலங்கு விளைவித்த சேதத்துக்கு அதன் சொந்தக்காரரே பொறுப்பு என்ற கோட்பாடு நெடுங்காலமாக உள்ளது. “நான் ஏவிவிடவில்லை” என்பது மட்டும் விடுதலை தராது.

எமது உறவினர் பலர் வாழும் இங்கிலாந்தில் 1991ஆம் ஆண்டு முதல் ஆபத்தான நாய்கள் பற்றிய தனிச் சட்டம் உண்டு. அங்கு நாய் கடித்திருக்க வேண்டும் என்பதில்லை. கட்டுப்பாடின்றி நின்ற நாயினால் காயம் நேரும் என்று ஒருவர் நியாயமாக அஞ்சினாலே சொந்தக்காரர் குற்றவாளியாகலாம். 2014ஆம் ஆண்டு முதல் இது அவருடைய சொந்த வளவுக்குள்ளும் பொருந்துகின்றது. “அது ஒன்றும் செய்யாது” என்ற வாசகத்துக்கு அந்நாட்டுச் சட்டம் கொடுத்த பதில் இது. பயப்படுபவரின் பயத்துக்கும் அங்கு மதிப்பு உண்டு.

நாய் வளர்ப்பவர் செய்ய வேண்டியவை

• வீட்டுக்கு வெளியே கொண்டு செல்லும்போது கழுத்துப்பட்டியும் உறுதியான கயிறும் அல்லது சங்கிலியும் கட்டாயம் இருக்க வேண்டும். கயிற்றைப் பெரியவர் ஒருவர் பிடிக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளையின் கையில் பெரிய நாயைக் கொடுத்து அனுப்புவது, நாயைத் தனியே அனுப்புவதற்கு ஒப்பானது.

• எதிரே சிறு பிள்ளை வந்தால், கயிற்றைச் சுருக்கிப் பிடித்து, நாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் நீங்கள் நில்லுங்கள். பிள்ளை கடந்து போகும்வரை ஒதுங்கி நின்றால் குறைந்துபோக மாட்டீர்கள்.

• கடற்கரையிலோ மைதானத்திலோ அவிழ்த்து விட விரும்பினால், பிள்ளைகள் இல்லாத அதிகாலை வேளையைத் தெரிவு செய்யுங்கள். ஒரே கூப்பிடுதலில் திரும்பி வரப் பழகாத நாயைப் பொது இடத்தில் அவிழ்ப்பதே தவறு. வீட்டு முற்றத்தில் அழைத்தால் வருவது பழக்கமாகாது. இன்னொரு நாயையோ ஓடும் பிள்ளையையோ கண்ட பின்னரும் திரும்பி வந்தால்தான் அது பழக்கம்.

• பாடசாலை தொடங்கும் காலை வேளையிலும், முன்பள்ளி விடும் முற்பகலிலும், பாடசாலை விடும் 1.30 மணியளவிலும், மாலை வகுப்பு நேரத்திலும் கேற்றை மூடி வையுங்கள். வேலியில் உள்ள ஓட்டைகளை அடையுங்கள்.

• முன்னர் யாரையாவது கடித்த அல்லது கடிக்கப் பாய்ந்த நாயை வாய்ப்பூட்டு இன்றி வெளியே கொண்டு செல்ல வேண்டாம்.

• ஆண்டுதோறும் விசர் நோய்த் தடுப்பூசி ஏற்றி, அதற்குரிய அட்டையைப் பத்திரமாக வையுங்கள். குட்டி தேவையில்லையெனின் கருத்தடை செய்வியுங்கள்.

• நாளெல்லாம் குட்டைச் சங்கிலியில் கட்டி வைப்பதும் தீர்வாகாது. அப்படி வளரும் நாய் எரிச்சலும் மூர்க்கமும் கொண்டதாகின்றது. வளவை நன்கு அடைத்து உள்ளே உலாவ விடுவதும், தினமும் கயிற்றில் பிடித்து நடத்துவதுமே சிறந்தது.

இவை யாவும் பிள்ளைகளுக்காக மட்டுமல்ல. நாயின் நன்மைக்கும் உரியவை. அவிழ்ந்து திரியும் நாய்தான் வாகனத்தில் அடிபடுகின்றது. பிள்ளையைக் கடித்த நாய்க்குப் பொல்லும் நஞ்சும்தான் கிடைக்கின்றன. செய்த தவறு சொந்தக்காரருடையது. தண்டனை அனுபவிப்பது வாயில்லாச் சீவன்.

பிள்ளைக்குக் கற்பிக்க வேண்டியவை

பிறர் திருந்தும்வரை நாம் கைகட்டி இருக்க முடியாது. மூன்று நான்கு வயதிலிருந்தே பிள்ளைக்குச் சில பழக்கங்களை விளையாட்டாகக் கற்பிக்கலாம்.

நாய் ஓடி வந்தால் ஓடக்கூடாது, கத்தக்கூடாது. மரம்போல அசையாமல் நின்று, கைகளை உடலோடு ஒட்டி வைத்து, நாயின் கண்ணைப் பார்க்காமல் நிலத்தைப் பார்க்க வேண்டும். அசைவற்றுப் போனால் பெரும்பாலான நாய்கள் மணந்து பார்த்துவிட்டுப் போய்விடும். தள்ளி விழுத்தினால், பந்துபோலச் சுருண்டு, முகத்தை நிலத்துக்குக் காட்டி, கைகளால் கழுத்தையும் காதுகளையும் மூடிக்கொள்ள வேண்டும். “மரம்”, “பந்து” என்று நீங்கள் சொல்லச் சொல்லப் பிள்ளை செய்யும்படி முற்றத்தில் விளையாடிப் பழக்குங்கள். ஆபத்து வேளையில் உடல் தானாகவே அதைச் செய்யும்.

உண்ணும் நாய், உறங்கும் நாய், குட்டி ஈன்ற நாய், கட்டியிருக்கும் நாய் ஆகிய நான்கின் அருகிலும் போகக்கூடாது. பிறருடைய நாயைத் தொடுவதற்கு முன்னர் சொந்தக்காரரிடம் கேட்க வேண்டும். வேலியின் ஊடாகக் கை நீட்டக்கூடாது. கல்லெறியக்கூடாது. வாலை ஆட்டும் நாய் எல்லாம் நட்பான நாய் அல்ல என்பதையும் சொல்லுங்கள். உடல் விறைத்து, முதுகு மயிர் சிலிர்த்து, உதட்டை உயர்த்திப் பல்லைக் காட்டினால், வால் ஆடினாலும் அது எச்சரிக்கையே.

வீட்டு நாயோடும் சிறு குழந்தையைத் தனியே விட வேண்டாம். பிள்ளைகளைக் கடிக்கும் நாய்களில் பெரும்பாலானவை அவர்களுக்கு அறிமுகமானவையே என்று பல நாடுகளின் ஆய்வுகள் காட்டுகின்றன.

கடிபட்டால்

முதலில் காயத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடங்கள் கழுவுங்கள். குழாய் இல்லையெனில் செம்பு செம்பாக ஊற்றிக் கழுவுங்கள். இது எவ்வளவு எளியதோ அவ்வளவு முக்கியமானது. கிருமியின் பெரும் பகுதி இதிலேயே அகன்றுவிடும். மஞ்சள், மிளகாய்த்தூள், எண்ணெய், சுண்ணாம்பு எதையும் பூச வேண்டாம். பின்னர் தாமதியாமல் அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். காயம் சிறிது என்றோ, வீட்டு நாய்தானே என்றோ, பார்வைக்காரரிடம் முதலில் காட்டுவோம் என்றோ நாளைக் கடத்த வேண்டாம்.

ஊசி போட வேண்டுமா, எத்தனை போட வேண்டும் என்பதை வைத்தியர் தீர்மானிப்பார். கடுமையான காயங்களுக்கு நோயெதிர்ப்புச் சீரமும் தேவைப்படலாம். தொடங்கிய ஊசிகளை, காயம் ஆறிவிட்டது என்று இடையில் நிறுத்தக்கூடாது. கடித்த நாயை அடித்துக் கொல்ல வேண்டாம். அதனைக் கட்டி வைத்து 14 நாட்களுக்கு அவதானிக்க வேண்டும். இடையில் இறந்தாலோ காணாமற்போனாலோ உடனே வைத்தியருக்கு அறிவியுங்கள். பிரதேசப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் தகவல் கொடுங்கள்.

எப்படிச் சொல்வது?

“அயலுக்குள் பகை வேண்டாம்” என்று எமது பெண்கள் பலர் வாய்மூடி இருக்கின்றனர். நல்லது கெட்டதுக்கு ஓடி வருபவர்கள் அவர்கள்தானே என்ற எண்ணம் நியாயமானது. ஆனால் பிள்ளை கடிபட்ட பிறகு வரும் பகை, முன்னரே சொல்வதால் வரும் மனக்கசப்பை விடப் பெரிதாக இருக்கும். ஆதலால் கோபம் தணிந்த வேளையில், வீட்டுக்குச் சென்று பேசுங்கள். “அண்ணை, உங்கடை ஜிம்மி நல்ல நாய்தான். ஆனால் பிள்ளை பயந்துபோய் இருக்கிறாள். பள்ளிக்கூடம் போற நேரமும் வாற நேரமும் ஒருக்கால் கேற்றைப் பூட்டி விடுங்கோ” என்று நேரத்தைக் குறிப்பிட்டுக் கேட்டால், மறுப்பவர் குறைவு. “உங்கள் நாயைக் கட்டத் தெரியாதா?” என்று வீதியில் நின்று கேட்டால் சம்மதிப்பவர் குறைவு.

பல வீட்டாருக்கும் பிரச்சினை என்றால் மாதர் சங்கத்திலோ கிராம அபிவிருத்திச் சங்கத்திலோ முன்பள்ளிப் பெற்றோர் கூட்டத்திலோ எடுத்துச் சொல்லலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைத்து, ஒரே நாளில் ஊர் நாய்களுக்கெல்லாம் தடுப்பூசி ஏற்ற ஏற்பாடு செய்யலாம். ஒருவரைக் குற்றஞ்சாட்டாமல் எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் வழி இது. இத்தனைக்கும் பிறகும் ஒருவர் கேளாவிட்டால் பிரதேச சபையிலோ பொலிஸ் நிலையத்திலோ முறையிட உங்களுக்கு உரிமை உண்டு. அதற்காகக் கூச்சப்பட வேண்டியதில்லை.

ஒழுங்கையும் கடற்கரையும் பூங்காவும் எல்லோருக்கும் பொதுவானவை. அங்கு மிகச் சிறிய கால்களால் நடப்பவருக்கே முதலிடம் கொடுக்க வேண்டும். ஒரு முழக் கயிறும் மூடிய படலையும் பெரிய செலவில்லை. அடுத்த முறை உங்கள் நாயைக் கண்டு ஒரு பிள்ளை தாயின் சேலைக்குள் ஒளிந்தால், “அது ஒன்றும் செய்யாது” என்று சொல்வதற்கு முன்னர் எழுந்து போய் நாயைப் பிடியுங்கள்.